ஞாயிறு பள்ளியில் 'இரண்டு பெரியவர்' விதி எதற்கு? ஆசிரியரை நம்பவில்லையா?

ஞாயிறு பள்ளி, விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி), வாலிபர் முகாம் எதிலும் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது. இன்னொரு பெரியவரும் கூட இருக்க வேண்டும். விதி இவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர் பெரும்பாலும் முகம் தெரியாதவர் அல்ல, வீட்டார் நம்பும் ஆள்தான். அவருக்குத் தேவை தனிமை. சபையிலோ 'ஐயர்' (போதகர்), 'அண்ணன்' என்ற மரியாதையே பிள்ளையின் வாயை அடைத்துவிடும். அதனால் அந்தத் தனிமைக்கே இடம் கொடுக்காமல் இருப்பதுதான் வழி.

காணிக்கையை ஒருவர் மட்டும் எண்ண விடுகிறோமா? இரண்டு மூன்று பேர் உட்கார்ந்துதான் எண்ணுகிறார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, நேர்மையானவருக்கும் அது பாதுகாப்பு. தனி ஜெபம் என்றால் கதவு திறந்திருக்கட்டும், மற்றவர் கண்ணில் படட்டும்.

நான் பார்த்தவரை விதி உடைவது வகுப்பறையில் அல்ல. கூட்டம் முடிந்ததும் "நானே பைக்கில் விட்டுடறேன்" என்கிற இடத்தில்தான். இரவு நேர வாட்ஸ்அப் அரட்டையும் அப்படித்தான்.

புகார் வந்தால் சபைக்குள்ளேயே பேசி முடித்துவிடலாம் எனப் பலர் நினைக்கிறார்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு.