புனோம் பென்னில் மூன்று வாரம் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

சொந்த ஊர் அவிநாசி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தொழிலாளர் நல அலுவலராக இருந்தேன். இப்போது கம்போடியாவில், புனோம் பென் நகரத்தில், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஓர் அமைப்பில் ஒரு வருடத்துக்குத் தன்னார்வலராக வந்திருக்கிறேன். சம்பளம் கிடையாது, செலவுக்குப் படி மட்டும். வந்து மூன்று வாரம் ஆகிறது. ஆபீசில் எல்லோரும் சிரித்துப் பேசுகிறார்கள், ஆனால் வேலை எதுவும் கொடுப்பதில்லை. கூட்டங்கள் முழுக்க கெமர் மொழியில் நடக்கின்றன. நான் சைவம், எதைத் தொட்டாலும் மீன் வாசம். தினமும் மழை. ராத்திரி அம்மா போன் செய்து "வந்துரு சாமி" என்று அழுகிறார். உதவி செய்ய வந்தவள் எல்லோருக்கும் பாரமாகிவிட்டேனோ என்று தோன்றுகிறது. நீங்கள் அந்த ஊரில் தன்னார்வலராக இருந்தவர். திரும்பிவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள அம்மிணி,

இப்போது முடிவெடுக்காதீர்கள். நவம்பர் வரை இருங்கள். தங்கும் இடத்தில் பாதுகாப்பு இல்லை, யாரோ தவறாக நடக்கிறார்கள், பேசிய படிப்பணம் வரவில்லை என்றால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை, கிளம்பிவிடுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

வேலை கொடுக்காததைத்தான் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 1993இல் ஐ.நா. அங்கே தேர்தல் நடத்தியபோது, பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் போய் மாவட்டம் மாவட்டமாக வேலை செய்தார்கள். அன்று முதல் வெளிநாட்டு உதவியாளர்கள் வருவதையும் போவதையும் அந்த ஊர் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒருவர் வருவார், ஆபீஸ் பிடிபடும் நேரத்தில் ஒப்பந்தம் முடிந்து போய்விடுவார். அடுத்தவருக்கு மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பது உள்ளூர் ஊழியர்கள்தான். அவர்கள் உங்களை ஒதுக்கவில்லை, நீங்கள் எப்படிப்பட்டவர் என்று பார்க்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

இதை நீங்கள் திருப்பூரில் மறுபக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் பெண்களில் யார் தீபாவளிக்கு ஊருக்குப் போய் அப்படியே நின்றுவிடுகிறார்கள், யார் திரும்பி வருகிறார்கள்? நான் பார்த்தவரை, திரும்பி வந்தவளுக்கு இங்கே ஒரு மளிகைக்கடை அக்கா இருப்பார். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், பத்து நாள் கடன் கொடுப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவார். ஊருக்குள் வேண்டியவர் என்று ஒருவர் கிடைத்துவிட்டால் போதும், கால் ஊன்றிவிடும். அந்தப் பெண் அக்காவுக்கு என்ன உதவி செய்தாள் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

அதனால் 'உதவி செய்ய வந்தவள்' என்ற நினைப்பைச் சில மாதம் தள்ளி வையுங்கள். அந்த ஊரில் இப்போது உதவி தேவைப்படுகிறவர் நீங்கள். கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். பேரம் பேச, அடுப்பு மாற்ற, கொசுவலை கட்ட என்று எல்லாவற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வயதில் கொஞ்சம் மூத்தவரை அங்கே 'போங்' என்றுதான் கூப்பிடுவார்கள், அக்காவோ அண்ணனோ இரண்டு பேருக்கும் அதே. முன்பின் தெரியாதவரையும் முறை வைத்துக் கூப்பிட்டு வளர்ந்த நமக்கு அது சிரமமே இல்லை.

சாப்பாட்டை முதலில் சரிசெய்யுங்கள். வயிறு வாடினால் மனசும் வாடிவிடும். வெளியே சமைப்பதில் பெரும்பாலும் மீன் சாறு விழும், காய்கறிப் பொரியலில்கூட. வீட்டிலேயே சமையுங்கள். துவோல் தோம் போங் சந்தையில், அதாவது வெளிநாட்டவர் ரஷ்யன் மார்க்கெட் என்று சொல்லும் இடத்தில், பாகற்காய், வாழைப்பூ, தேங்காய், புளி எல்லாம் கிடைக்கும். காலையில் தெருவோரம் நூம் பான்சோக் விற்பார்களே, அந்த அரிசி நூல் கிட்டத்தட்ட நம் சந்தகைதான். மேலே ஊற்றும் மீன் குழம்புதான் உங்களுக்கு ஆகாது. குழம்பில்லாமல் நூல் மட்டும் சந்தையில் எடை போட்டுத் தருவார்கள். வாங்கி வந்து தேங்காய்ப்பாலும் கம்போங் ஸ்பூ பனைச்சர்க்கரையும் சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், தினம் ஒரே கடைக்குப் போங்கள். நான்கு கடை ஏறி இறங்கிச் சில நூறு ரியெல் மிச்சம் பிடிப்பதைவிட, ஒரு கடைக்காரம்மா உங்களை எதிர்பார்ப்பது முக்கியம்.

மொழிக்கு ஒரு வாத்தியார் பிடியுங்கள். தாய்லாந்து மொழிபோல ஏற்ற இறக்கத்தில் பொருள் மாறும் தொல்லை கெமரில் கிடையாது. எழுத்தும் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்ததுதான். கடைப்பேச்சு சீக்கிரமே வந்துவிடும்.

ரியெலோடு டாலரும் புழங்கும் ஊர் அது. கிழிந்த டாலர் நோட்டை வாங்காதீர்கள், அங்கே யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள். சாலையோரம் நின்று போனைக் கையில் பிடித்துப் பேசாதீர்கள், பைக்கில் வந்து பறித்துப் போவது உண்டு. மழைக்காலத்தில் டெங்கு வரும், பகலிலும் கொசுவைப் பாருங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1975 ஏப்ரல் 17 அன்று போல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை நகருக்குள் நுழைந்து, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள் உட்பட எல்லோரையும் கிராமங்களுக்கு விரட்டியது. 1979 ஜனவரியில் அந்த ஆட்சி விழுந்த பிறகுதான் மக்கள் திரும்பினார்கள். காலியாகக் கிடந்த வீடுகளில் யார் யாரோ குடியேறினார்கள். உங்கள் தெருவில் உள்ள முதியவர்களில் பெரும்பாலானோர் இப்படி ஒன்றுமில்லாமல் வந்து குடியமர்ந்தவர்கள். நீங்களாக அதைக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். பள்ளிக்கூடமாக இருந்து அந்த ஆட்சியில் சிறையாக்கப்பட்டு, இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் துவோல் ஸ்லெங்குக்கு இப்போதே, அதுவும் தனியாக, போக வேண்டாம். அங்கே ஒரு தோழி கிடைத்த பிறகு போங்கள்.

நவம்பர் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மழைக்காலத்தில் மீகாங் ஆறு பெருகித் தள்ளுவதால், அதில் வந்து கலக்கும் தோன்லே சாப் ஆறு எதிர்த்திசையில், தான் கிளம்பும் ஏரியை நோக்கி ஓடும். மழை ஓய்ந்ததும் பழையபடி திரும்பும். வழக்கமாக நவம்பர் முழுநிலவை ஒட்டி அதற்கு நீர்த்திருவிழா நடக்கும். ஊர் ஊராகப் படகு கொண்டுவந்து போட்டி போடுவார்கள். அதற்குள் மழை விட்டிருக்கும், நான்கு வார்த்தை பேச வந்திருக்கும், ஆபீசிலும் உங்களைக் கூட்டத்துக்கு அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து மொழிபெயர்க்க யாராவது கிடைத்திருப்பார்கள். அப்போதும் போக வேண்டும் என்று தோன்றினால் போங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

அம்மாவோடு ராத்திரி பேசுவதை நிறுத்துங்கள். அங்கே மணி நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். அவர் ஒன்பதுக்குக் கூப்பிட்டால் உங்களுக்குப் பத்தரை. களைத்த நேரத்தில் இரண்டு பேருக்கும் அழுகைதான் வரும். காலை ஏழரைக்குச் சந்தையிலிருந்து வீடியோ காலில் கூப்பிடுங்கள். அவிநாசியில் மணி ஆறு, அம்மா எழுந்திருப்பார். கடைக்காரம்மாவைக் காட்டுங்கள், அன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள்.