வீட்டில் கூப்பிடும் பெயர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன வாரம் வீட்டில் ‘தி நேம்சேக்’ படம் பார்த்தோம். அதன் மூலமான நாவலை முன்பே இரண்டு முறை வாசித்திருக்கிறேன். நியூ ஜெர்ஸிக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. அம்மா ஆஷிமாவாக வரும் தபு முதன்முதலாக அந்தச் சமையலறையில் நிற்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. இங்கேயே பிறந்த என் மகன் (வயது 19) பாதியில் எழுந்துவிட்டான். “இது உங்க படம்மா, என் படம் இல்ல” என்றான்.

யோசித்தால் அவன் சொன்னது சரி என்றே படுகிறது. நாவல், கல்கத்தாவிலிருந்து அமெரிக்கா வந்த தம்பதியின் மகன் கோகோலின் கதை. இயக்குநர் மீரா நாயர் அதை அப்பா அம்மாவின் கதையாக்கிவிட்டார். அவன் காதலி மாக்ஸீனும் மனைவி மௌஷுமியும் வந்த வேகத்தில் போய்விடுகிறார்கள். அடையாளச் சிக்கல் பிள்ளைகளுக்குத்தானே? அதை விட்டுவிட்டுப் பெற்றோருக்காக நம்மை அழவைப்பது நாவலுக்குச் செய்த துரோகம் இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மையம் நகர்ந்திருப்பது உண்மை. துரோகம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஜும்பா லாஹிரியின் நாவல் 2003இல் வந்தது. மீரா நாயர் அதை வாசித்தது மாமியாரை இழந்திருந்த நேரத்தில். பிறந்த மண்ணுக்கு வெகுதூரத்தில், குளிரில் அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த துக்கத்தோடு விமானத்தில் வாசித்ததாகச் சொல்லியிருக்கிறார். அப்படி வாசித்தவருக்கு கோகோலின் அப்பா அசோக் கங்குலியின் மரணம்தான் கதையின் நடுவாகத் தெரிந்திருக்கும். பாஸ்டன் பக்கத்துக் கதையை நியூயார்க்குக்குக் கொண்டுபோனதும், ஹௌரா பாலத்தையும் நியூயார்க் பாலத்தையும் மாற்றி மாற்றிக் காட்டியதும் அதற்காகவே. ஆஷிமாவுக்கு இரண்டு ஊரும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கின்றன.

நீங்கள் சொன்ன சமையலறைக்கு வருகிறேன். நாவலில் அது 1968. நிறைமாதக்காரி ஆஷிமா, பாக்கெட்டில் வரும் ரைஸ் கிரிஸ்பீஸ் பொரியில் வேர்க்கடலை, வெங்காயம், உப்பு, எலுமிச்சைச் சாறு, பச்சை மிளகாய் சேர்த்துப் பிசைகிறாள். கல்கத்தா நடைபாதையில் காகிதப் பொட்டலத்தில் விற்கும் ஜால்முரி என்ற காரப்பொரி அவளுக்கு வேண்டும். கடுகெண்ணெய் மட்டும் இல்லை. ருசித்துப் பார்க்கிறாள், ஏதோ குறைகிறது. அமெரிக்காவின் 1965 குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்த பிறகு படிக்கப் போனவர்களின் மனைவிகள் எத்தனையோ பேர் இப்படிக் கிண்ணத்தோடு தனியாக நின்றிருப்பார்கள். அடையாளச் சிக்கல் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கோகோலாவது ஆங்கிலத்துக்குள் பிறந்தான். ஆஷிமா அந்த வீட்டில் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் இருந்தாள். அவளும் கணவன் பெயரைச் சொல்வதில்லை. நம் பாட்டிமார் “ஏங்க, கேக்குதா?” என்பார்களே, அதேதான் அவளுக்கும் வழக்கம்.

பெயர்தான் இதில் எல்லாம். வங்காளிக்கு டாக்நாம், பாலோநாம் என்று இரண்டு. முதலாவது வீட்டார் கூப்பிட, இரண்டாவது உலகத்துக்கு. பாலோநாம் எழுதிப் பாட்டி அனுப்பிய கடிதம் வந்துசேரவில்லை. பெயர் எழுதாமல் ஆஸ்பத்திரியில் குழந்தையை வெளியே விடமாட்டார்கள். வீட்டுக்குள் மட்டும் புழங்கவேண்டிய பெயர் சான்றிதழில் ஏறிவிட்டது. லாஹிரிக்கே இது நேர்ந்தது. ஜும்பா அவருடைய வீட்டுப் பெயர். சொல்ல எளிது என்று பள்ளி ஆசிரியர் அதையே பிடித்துக்கொண்டார், கடைசியில் புத்தக அட்டையிலும் அதுவே வந்துவிட்டது. கோகோலாக நடித்த கல் பென், நியூ ஜெர்ஸியில் பிறந்த குஜராத்திப் பிள்ளை. கல்பென் மோதி என்ற பெயரை அமெரிக்கக் காதுக்காக இரண்டாக உடைத்துக்கொண்டவர். அவரைத்தான் போடவேண்டும் என்று மீராவிடம் அடம்பிடித்தது அவருடைய மகன் ஸோரான் மம்தானி. அப்போது அவர் பள்ளிச் சிறுவன். ஆகவே உங்கள் மகன் வயதுக்காரர்களுக்கு இந்தப் படத்தில் பங்கில்லை என்று என்னால் நினைக்கமுடியவில்லை.

மாக்ஸீன், மௌஷுமி விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். மௌஷுமிக்கு நாவலில் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது, படத்தில் அது இல்லை.

ஆனால் அந்த நாவிதர் கடையைப் பாருங்கள். அப்பா இறந்த செய்தி கேட்ட கோகோல் கடைக்குள் போய்த் தலையை மழித்துக்கொள்கிறான். உள்ளே அமெரிக்கப் பாட்டு அதிர்ந்துகொண்டிருக்கிறது. யாரும் அவனை மழிக்கச் சொல்லவில்லை. சின்ன வயதில், தாத்தா இறந்தபோது, மொட்டைத் தலையோடு நின்ற அப்பாவைப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். விமான நிலையத்தில் அம்மா அந்தத் தலையைப் பார்க்கிறாள். அதுவரை பெற்றோரைப் பின்தொடர்ந்த படம் அங்கே எனக்கு அவனுடையதாகிவிட்டது. நாவல் பல பக்கங்களில் அவன் மனதுக்குள் நடத்தியதை, மழிக்கும் கத்தியைக் கொண்டு காட்டிவிட்டார்கள்.

என்னை மிகவும் வருத்துவது அசோக்கின் தாமதம். 1961இல், இந்தியாவில் கட்சிலா அருகே ரயில் கவிழ்கிறது. ருஷ்ய எழுத்தாளர் கோகோலின் கதையை வாசித்துக்கொண்டிருந்த அவன் இடிபாட்டுக்குள் கிடக்கிறான். கையிலிருந்து விழுந்த கசங்கிய தாளைக் கண்டுதான் உயிர் இருப்பது தெரிந்து மீட்கிறார்கள். மகனின் பெயர் அந்தத் தாளிலிருந்து வந்தது. பதினான்காவது பிறந்தநாளுக்கு அந்தக் கதைகளின் தொகுப்பைக் கொடுக்கிறான். சொல்ல வாயெடுக்கிறான், சொல்லாமல் அறையைவிட்டு வந்துவிடுகிறான். பையன் புத்தகத்தை அலமாரியில் போட்டுவிடுகிறான். பிற்பாடு காருக்குள் வைத்து விஷயத்தைச் சொல்லும்போது மகன் பெயரையே மாற்றிக்கொண்டு நிகில் ஆகிவிட்டான். தன்னைப் பார்த்தால் அந்த விபத்துதான் ஞாபகம் வருமா என்று கேட்கிறான். இல்லை, அதற்குப் பிறகு கிடைத்த எல்லாமும்தான் என்கிறான் அசோக். அசோக்காக நடித்த இர்ஃபான் கான் அதைக் குரலே உயர்த்தாமல் சொல்வார்.

உங்கள் மகனை மறுபடி உட்காரவைத்துப் படம் காட்டவேண்டாம். கடிதத்தில் ஒன்றை நீங்கள் எழுதவில்லை. அவனை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்? அது யார் வைத்தது, எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் இந்த வாரமே, காரில் போகும்போது, சொல்லிவிடுங்கள்.