தரையில் இத்தாலி, சுவரில் ஜப்பான்: ஆச்சியின் 6 லட்சம் எந்த நாட்டுக்கு?

கேள்வி: நாங்கள் தேவகோட்டையில் இருக்கிறோம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 64, பென்ஷன் மாதம் 38,000 ரூபாய். எங்க செட்டியாருக்கு அடுத்த ஆண்டு 70 பிறக்கிறது. பீமரத சாந்தியை வீட்டளவில் எளிமையாக வைத்துக்கொண்டு, விருந்துக்கு ஆகும் பணத்தில் வெளிநாடு போய்வாருங்கள் என்று கோவையிலிருக்கும் மகன் சொல்கிறான். எங்கள் வளவில் தரை இத்தாலி மார்பிள், சுவரில் ஜப்பான் டைல்ஸ். அதனால் இந்த இரண்டு நாட்டில் ஒன்று என்று ஆசை. ஏஜென்ட் இருவருக்கும் சேர்த்து இத்தாலிக்கு 6.6 லட்சம், ஜப்பானுக்கு 5.8 லட்சம் சொல்கிறார். தவணையிலும் கட்டலாமாம். வரும் அக்டோபரில் 6 லட்சம் ரூபாய் டெபாசிட் முதிர்கிறது. அஞ்சலக மூத்த குடிமக்கள் திட்டத்தில் 15 லட்சம் போட்டு 14 மாதம் ஆகிறது, அதிலிருந்து எடுக்கலாமா? பெரிய வீட்டுக்கு ஓடு மாற்ற, பங்காளிகள் எங்கள் பங்குக்கு 1,60,000 ரூபாய் கேட்கிறார்கள். செட்டியார் சுத்த சைவம், சர்க்கரையும் மூட்டுவலியும் உண்டு. எந்த நாடு போகலாம்?

பதில்: ஆச்சி, ஜப்பான் போங்கள். அடுத்த மே மாதம், ஏஜென்ட் பேக்கேஜ் இல்லாமல், மகனை வைத்து டிக்கெட்டும் ஹோட்டலும் தனித்தனியாகப் போட்டுக்கொண்டு, அக்டோபர் பணத்திலேயே போய்வரலாம். கூரை ஓட்டுக்கான 1,60,000 ரூபாயை அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அஞ்சலகப் பணம். அதைத் தொடவே வேண்டாம். 15 லட்சத்துக்கு 8.2 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் உங்கள் கணக்கில் விழுகிறது. அந்தத் திட்டத்தில் வேண்டியதை மட்டும் பிய்த்து எடுக்க வழியில்லை, கணக்கையே முடிக்க வேண்டும். ஓராண்டு கழித்து, இரண்டாண்டுக்குள் முடித்தால் அசலில் 1.5 சதவீதம் பிடிப்பார்கள். உங்களுக்கு 22,500 ரூபாய் போகும். அதைவிடப் பெரிய இழப்பு, சர்க்கரை உள்ள மனிதருக்கு மருத்துவச் செலவு வரும் வயதில் அந்தக் காலாண்டு வருமானம் நின்றுபோவது.

தவணையும் வேண்டாம். 6.6 லட்சத்தை 16 சதவீத வட்டியில் 24 மாதத் தவணையாகப் போட்டுப் பார்த்தேன். மாதம் சுமார் 32,300 ரூபாய் வருகிறது. உங்கள் பென்ஷன் 38,000. வட்டி மட்டுமே 1.15 லட்சம். வட்டி வாங்கியே வீடு கட்டிய ஊர் இது, சுற்றுலாவுக்கு வட்டி கட்ட வேண்டாம்.

ஆக, கையில் 6 லட்சம். அதில் ஓட்டுக்கு 1.6 லட்சம் முதல் செலவு. ஒழுகும் கூரையை ஒரு மழைக்காலம் விட்டுவைத்தால் தேக்கு உத்தரம் ஊறும், உத்தரம் போனால் எந்தப் பங்காளியாலும் அதே மரத்தைத் திரும்ப வாங்கிப் போட முடியாது. ஐப்பசி மழை வலுக்கும் முன் வேலை முடியட்டும். அக்டோபர் வரை பங்காளிகள் பொறுக்கவில்லை என்றால், டெபாசிட்டின் பேரில் வங்கியிலேயே சில வாரங்களுக்கு ஓவர்டிராஃப்ட் வாங்கலாம். டெபாசிட் வட்டியைவிட ஓரிரு சதவீதம்தான் கூட வரும். மீதி 4.4 லட்சம். இந்தப் பணத்தில் நிம்மதியாகப் போய்வர முடிகிற நாடு எது என்று பார்த்தால் போதும்.

இங்கே ரூபாயின் கதை முக்கியம். 2016-ல் ஒரு யூரோ 75 ரூபாயைச் சுற்றி இருந்தது, 2025-ல் 100-ஐத் தாண்டிவிட்டது. யென் அப்படி ஏறவில்லை. அன்றும் 100 யென் 60 ரூபாயைச் சுற்றி, இன்றும் கிட்டத்தட்ட அங்கேதான். நம் வருமானம் பத்தாண்டில் கூடியிருக்கிறது, யென் நின்ற இடத்திலேயே நிற்கிறது. விலை உயர்ந்த நாடு என்று நம் ஊரில் ஜப்பானுக்கு இருக்கும் பெயர் பழைய பெயர்.

இரண்டுக்கும் 11 இரவு, இருவர் என்று வைத்து ஐந்தொகை போட்டேன். யூரோ 105 ரூபாய், 100 யென் 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன்.

ஜப்பானில் சுத்தமான நடுத்தர ஹோட்டல் அறை இரவுக்கு 15,000 யென் என்றால் 1,65,000 யென். சாப்பாடு நாளுக்கு 5,000 வீதம் 55,000. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் ஆளுக்குச் சுமார் 14,000, இருவருக்கு 28,000. உள்ளூர்ப் போக்குவரத்து 22,000, கோவில் நுழைவு 10,000, பெட்டி அனுப்ப 5,000. மொத்தம் 2,85,000 யென், அதாவது 1,71,000 ரூபாய். விமானத்துக்கு இருவருக்கும் 1,20,000, விசா, காப்பீடு 20,000. இதன் மேல் எதிர்பாராத செலவுக்கு 15 சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 3.6 லட்சம்.

இத்தாலியில் அறைக்கு 140 யூரோ, சாப்பாட்டுக்கு நாளுக்கு 60 யூரோ வைத்து, ரயில், நுழைவுச்சீட்டு, நகர வரி எல்லாம் கூட்டினால் 2,850 யூரோ. இந்த நகர வரியைப் பலரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ரோமில் 3 நட்சத்திர ஹோட்டல் என்றால் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ தனியாகக் கேட்பார்கள். விமானம் 1,40,000 ரூபாய். இத்தாலிக்கு வேண்டிய ஷெங்கன் விசா 2024 ஜூன் முதல் ஆளுக்கு 90 யூரோ, நிராகரித்தால் திரும்ப வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். எல்லாம் சேர்த்து அதே 15 சதவீதமும் போட்டால் 5.45 லட்சம் வருகிறது.

ஆக இத்தாலியும் கூரை ஓடும் சேர்ந்தால் 7 லட்சத்தைத் தாண்டும். ஜப்பானும் ஓடும் சேர்ந்தால் 5.2 லட்சம். மிச்சம் 80,000 ரூபாய் வங்கியிலேயே இருக்கட்டும்.

பேக்கேஜ் வேண்டாம் என்பதற்கு விலை மட்டும் காரணமில்லை. 2018-ல் என் அம்மா அப்பாவை ஒரு குழுச் சுற்றுலாவில் ஐரோப்பா கூட்டிப்போனேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பிளாரன்ஸில் எங்களை மைக்கேலாஞ்சலோ சதுக்கத்தில் இறக்கினார்கள். குன்றின் மேலிருந்து பேராலயத்தின் சிவப்புக் குவிமாடத்தைப் பார்த்தோம். 25 நிமிடம் கழித்து விசில் ஊதிவிட்டார்கள். உஃபிஸி ஓவிய அருங்காட்சியகத்துக்குள் போகவில்லை. ஹோட்டல் ஊருக்கு வெளியே 40 கிலோமீட்டர் தள்ளி. அம்மாவுக்கு முழங்கால் வலி, நாலாவது நாளிலிருந்து அவர் பஸ்ஸைவிட்டு இறங்கவே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அவ்வளவு பணம் கட்டி அவரை ஒரு பஸ்ஸுக்குள் உட்கார வைத்துவிட்டு வந்தேன். உங்கள் செட்டியாருக்கும் மூட்டுவலி என்று படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. வலிக்கிற காலுக்கு வேண்டியது, ஒரு நாளைக்கு ஒரே இடம் பார்த்துவிட்டு, மதியம் அறைக்குத் திரும்பிப் படுத்துக்கொள்ளும் சுதந்திரம். அதை எந்தப் பேக்கேஜும் தராது.

வரிக் கணக்கும் இதற்குச் சாதகம். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்துக் கட்டும் முன்வரி, பிடிப்பார்கள். அதன் விகிதமும் வரம்பும் அடிக்கடி மாறுகின்றன. 2023 அக்டோபரில் 7 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம் ஆனது, 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 10 லட்சமானது. பிடித்த பணம் உங்கள் பான் எண்ணில் நிற்கும், ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம், ஆனால் பல மாதம் முடங்கும். டிக்கெட்டையும் ஹோட்டலையும் தனித்தனியாகப் போட்டால் அது பேக்கேஜ் கணக்கில் வராது. வெளிநாட்டுச் செலவுக்கான ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றும் பணத்துக்கும் ஆண்டுக்கு 10 லட்சம் வரை பிடித்தம் இல்லை.

எப்போது போவது? மார்ச் கடைசியும் ஏப்ரல் தொடக்கமும் செர்ரி பூக்கும் காலம், ஹோட்டல் விலை ஏறிவிடும். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அவர்களுக்குத் தொடர் விடுமுறை, ரயிலில் நிற்க இடமிருக்காது. மே 8-க்கு மேல் கூட்டம் வடிந்துவிடும். ஜூனில் மழை பிடிக்கும் முன் அந்த இரண்டு வாரம் இதமான பருவம். இங்கே கத்திரி வெயில் கொளுத்தும்போது நீங்கள் அங்கே ஒரு மெல்லிய ஸ்வெட்டரோடு நடக்கலாம். மே மாதம் நம் பக்கம் பள்ளி விடுமுறை என்பதால் விமானக் கட்டணம் ஏறும். டெபாசிட் முதிர்ந்த வாரமே டிக்கெட் போட்டுவிடுங்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகப் போனால் சென்னை வரை அலைய வேண்டாம். டோக்கியோவில் இறங்கி ஒசாகாவிலிருந்து திரும்புங்கள். அதே ரயிலில் திரும்பிவரும் செலவு இருவருக்கும் 28,000 யென் மிச்சம். ரயில் பாஸ் வாங்கச் சொல்வார்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது, உங்களுக்குக் கட்டாது.

சாப்பாட்டில் மட்டும் இத்தாலிதான் வசதி, அதை மறைக்க மாட்டேன். அங்கே சைவத்துக்கு எங்கும் பீட்சா, பாஸ்தா கிடைக்கும். ஜப்பானில் வெறும் காய்கறிச் சாறு என்று தருவதிலும் உலர்ந்த மீன் கொதிக்கவைத்த தண்ணீர் இருக்கும், அதை தாஷி என்பார்கள். செட்டியாருக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள். டோக்கியோவிலும் ஒசாகாவிலும் கியோட்டோவிலும் இந்திய உணவகங்கள் உண்டு, கோவில் துறவிகளின் சைவச் சாப்பாடு தரும் இடங்களும் உண்டு. வீட்டிலிருந்து குட்டி ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் 230 வோல்ட் குக்கரில் அரிசி வேகாது. அறையில் கெட்டில் இருக்கும், வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா, அவல் பொட்டலங்கள் போதும். பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி கலந்த எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் பறிமுதல் ஆகும்.

காப்பீடு ஜப்பானுக்குக் கட்டாயமில்லை என்றாலும் எடுத்தே ஆக வேண்டும். சர்க்கரையை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் கேட்கும்போது பணம் வராது. கடையில் கார்டு தேய்க்கும்போது மெஷின் "ரூபாயா, யென்னா" என்று கேட்டால் யென் என்று அழுத்துங்கள், ரூபாய் என்றால் மாற்று விலையில் தனியாக இழுத்துவிடுவார்கள். சிறிய கோவில்களில் இன்னும் ரொக்கம்தான். பெரிய பெட்டிகளை ஹோட்டல் கவுன்டரில் கொடுத்தால் 2,000, 3,000 யென்னுக்கு அடுத்த ஊர் ஹோட்டலில் சேர்த்துவிடுவார்கள். மூட்டுவலிக்கு இதைவிட நல்ல செலவு கிடையாது.

இனி, போவதற்குக் காரணமான விஷயம். கியோட்டோவில் சான்ஜூசாங்கென்டோ என்ற மண்டபம், 120 மீட்டர் நீளம், படி ஏற வேண்டியதில்லை. உள்ளே கருணைத் தெய்வமான கன்னோனின் 1,001 சிலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு முன்னால் 28 காவல் தெய்வங்கள். அதில் பிரம்மா, இந்திரன், நாராயணன் இருக்கிறார்கள், புல்லாங்குழல் ஊதும் கருடனும் இருக்கிறார். பெயர் மட்டும் கருரா. நம் ஊர்க் கோவில் பிராகாரத்தில் நடந்து பழகியவர்களுக்கு அங்கே ஒரு மணி நேரம் போதாது. நாராவின் தோதாய்ஜி கோவிலில் பெரிய புத்தருக்குக் கண் திறந்த விழா 752-ல் நடந்தது. கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து போன துறவி போதிசேனர். கியோட்டோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடலாம். கியோமிசு கோவில் மேட்டுக்கு மட்டும் டாக்சி பிடியுங்கள், ஃபுஷிமி இனாரி மலையை அடிவாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டோக்கியோவில் நாலு இரவு, கியோட்டோவில் ஐந்து, ஒசாகாவில் ஒன்று. மீதி ஒரு இரவை டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் நடுவில் நகோயாவில் வையுங்கள். ரயிலைப் பிரித்து ஏறுவதால் ஆளுக்குச் சுமார் 3,000 யென் கூடும், ஒதுக்கிய 15 சதவீதத்தில் அது அடங்கிவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் வீதியில், பழம்பொருள் கடையொன்றில் இடித்த வீட்டு டைல்ஸ் அடுக்கு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ரோஜாப்பூப் போட்ட ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினால், சுண்ணாம்பு ஒட்டிய முதுகில் "மேட் இன் ஜப்பான்" என்று புடைத்த எழுத்து. நகோயாவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. தஜிமியில் மொசைக் டைல்ஸுக்கென்றே 2016-ல் திறந்த அருங்காட்சியகம், தொக்கோநாமேயில் உலக டைல்ஸ் அருங்காட்சியகம். ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஓடு மாற்றும்போது உங்கள் சுவரில் ஏதாவது ஒரு டைல்ஸ் பெயர்ந்து விழுந்தால் கொத்தனாரிடம் தூக்கிப்போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். அதன் முன்பக்கத்தையும் முதுகையும் போனில் படம் பிடித்து எடுத்துப் போய் அங்கே காட்டுங்கள்.