டி டிரைவ் எங்கே போனது?

வணக்கம் சார்,

பதினைந்து வருடம் விண்டோஸில் பழகிய கை. போன மாதம்தான் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவுக்கு மாறினேன். லேப்டாப்பில் 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று. விண்டோஸில் எதை நிறுவினாலும் 'எங்கே போடட்டும்?' என்று கேட்கும், நான் டி டிரைவைக் காட்டிவிடுவேன். இங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. எஸ்எஸ்டியில் இப்போதே 18 ஜிபிதான் மிச்சம். படம் திருத்தும் கிம்ப், விளையாட்டுகளுக்கான ஸ்டீம் எல்லாவற்றையும் பெரிய டிஸ்க்குக்கு மாற்ற முடியுமா? யூஎஸ்ஆர் கோப்புறையையே தூக்கி அங்கே வைத்து, பழைய இடத்தில் அதைச் சுட்டிக்காட்டும் ஒரு சிம்லிங்க் போட்டால் போதும் என்கிறான் நண்பன். அந்த டிஸ்க்கில் தங்கை கல்யாண வீடியோ வேறு இருக்கிறது, கை வைக்கவே பயம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் நண்பர் சொன்னதைச் செய்யாதீர்கள். இன்றைய உபுண்டுவில் கட்டளைகள், லைப்ரரிகள் எல்லாமே யூஎஸ்ஆருக்குள்தான் குடியிருக்கின்றன. அதை நகர்த்தி முடித்த பிறகு சிம்லிங்க் போட எல்என் என்ற கட்டளையை அடிப்பீர்கள். அந்த எல்என்னும் யூஎஸ்ஆரோடு போயிருக்கும்.

நிறுவும்போது ஏன் கேட்பதில்லை என்றால், கேட்பதற்கு அங்கே ஒற்றை இடம் கிடையாது. கட்டளைகளை அடிக்கும் டெர்மினலில் 'டிபிகேஜி', ஒரு இடைவெளி, ஹைஃபன், பெரிய எல், பிறகு கிம்ப் என்று அடித்துப் பாருங்கள். கிம்ப்பின் கோப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு நீண்ட பட்டியல் வரும். இயங்கும் நிரல் யூஎஸ்ஆர் பின்னில், மெனுவில் காட்டும் கோப்பு யூஎஸ்ஆர் ஷேரில், ப்ளகின்கள் யூஎஸ்ஆர் லிப்பில். கூட்டுக்குடும்பத்துச் சமையலறை மாதிரி: அண்டா இருக்குமிடம் ஒன்று, கரண்டி இருக்குமிடம் ஒன்று, எல்லாருக்கும் பொது. ஒரு மருமகளின் பாத்திரங்களை மட்டும் பிரித்து மாடிக்கு ஏற்ற முடியாது. ஆனால் அவரவர் துணிமணி அவரவர் பெட்டியில்தான் இருக்கும். லினக்ஸில் அந்தப் பெட்டி உங்கள் ஹோம் கோப்புறை. அதை எங்கே வைப்பது என்பதில்தான் உங்களுக்கு உரிமை.

சமையலறையைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம். கிம்ப் போனால் ஐந்து நிமிடத்தில் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். நீங்கள் சேர்த்த பிரஷ்கள் போனால் போனதுதான். அவை ஹோமில் டாட் கான்ஃபிக் என்ற மறைந்த கோப்புறைக்குள், கிம்ப் என்ற பெயரில் இருக்கும். கன்ட்ரோல் எச் அழுத்தினால் கண்ணுக்குத் தெரியும். கிம்ப் 2.8 காலத்தில் இதே சமாச்சாரம் ஹோமின் வாசலிலேயே டாட் கிம்ப் என்று கிடந்தது. ஒவ்வொரு செயலியும் இப்படி வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டதால்தான் எக்ஸ்டிஜி என்ற விதிமுறை வந்தது: அமைப்புகள் டாட் கான்ஃபிக்கில், தரவு டாட் லோக்கல் ஷேரில், தூக்கிப் போட்டாலும் பாதகமில்லாதவை டாட் கேஷில். (பெயருக்கு முன்னால் புள்ளி, அதாவது டாட், வைத்தால் கோப்பு மறைவதே லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸின் ஆரம்ப காலத்தில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையில் எடுத்த ஒரு குறுக்குவழியின் விளைவு என்று யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் 2012இல் எழுதியிருந்தார். அதை இத்தனை வருடமாக வசதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.)

சரி, உங்கள் 18 ஜிபிக்கு வருவோம். டிஸ்க் யூசேஜ் அனலைசரைத் திறந்து இடத்தைத் தின்பது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் கிம்ப்பாக இருக்காது. ஸ்டீம் விளையாட்டுகள், டவுன்லோட்ஸ், வர்ச்சுவல் மெஷின் ஏதாவது இருந்தால் அது. செயலிகளை நிறுவும் இன்னொரு முறையான ஃப்ளாட்பேக் போட்டிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். செயலி சின்னதாக இருந்தாலும் கூடவே வரும் ரன்டைம் என்ற லைப்ரரி மூட்டை நூற்றுக்கணக்கான எம்பி பிடிக்கும். செயலியை நீக்கினாலும் ஹோமில் டாட் வார், ஆப் என்ற பாதையில் அதன் தரவு தங்கிவிடும். அதே மாதிரி நிறுவும் முறையான ஸ்னாப்பும் செயலியின் பழைய பதிப்பு ஒன்றைக் கையில் வைத்திருக்கும்.

ஸ்டீமுக்கு வழி சுலபம். செட்டிங்ஸில் ஸ்டோரேஜுக்குப் போய் பெரிய டிஸ்க்கைச் சேர்த்து, விளையாட்டுகளை மட்டும் அங்கே நகர்த்துங்கள். டவுன்லோட்ஸ், வீடியோஸ் இரண்டையும் மாற்ற டாட் கான்ஃபிக்குக்குள் 'யூசர்-டிர்ஸ் டாட் டிர்ஸ்' என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பு இருக்கிறது, அதில் பாதையைத் திருத்தினால் போதும். ஆனால் நீங்கள் உள்நுழையும்போது அந்த டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்க, அதாவது பயன்படுத்தும்படி இணைந்திருக்க வேண்டும். கோப்புறை கண்ணில் படவில்லை என்றால் உபுண்டு உங்களைக் கேட்காமல் பாதையை ஹோமுக்கே திருப்பிவிடும். அதனால் 'டிஸ்க்ஸ்' செயலியில், கணினி தொடங்கும்போதே மவுண்ட் ஆகும்படி முதலில் அமைத்துவிடுங்கள்.

ஹோம் முழுவதையும் மாற்றலாமே என்று தோன்றும். உங்கள் விஷயத்தில் வேண்டாம் என்பேன். பிரவுசர் ப்ரொஃபைல், டாட் கேஷ் எல்லாம் நாள் முழுக்கச் சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டே இருப்பவை. அவற்றைச் சுழலும் டிஸ்க்கில் வைத்தால் எஸ்எஸ்டி வாங்கிய பலனே போய்விடும். கனமானது மட்டும் வெளியே போகட்டும்.

அந்த டிஸ்க் விண்டோஸ் காலத்து என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டில்தான் இருக்கும். வீடியோ வைக்க அது போதும், செயலிகளின் தரவுக்கு ஆகாது. நான் ஒருமுறை சோம்பேறித்தனத்தில் வேறு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் சாவிகள் இருக்கும் டாட் எஸ்எஸ்எச் கோப்புறையை அப்படி ஒரு டிஸ்க்கில் வைத்து சிம்லிங்க் போட்டேன். அந்த மவுண்டில் எல்லாக் கோப்புகளும் எல்லாருக்கும் திறந்தே தெரிந்தன. இத்தனை பேர் படிக்கக்கூடிய சாவியை ஏற்க முடியாது என்று எஸ்எஸ்எச் மறுத்துவிட்டது. அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையை எத்தனை முறை அடித்தாலும் அனுமதி மாறவில்லை. ராத்திரி ஒரு மணிக்குத்தான் குற்றவாளி டிஸ்க்கின் ஃபார்மேட் என்று உறைத்தது. ஸ்டீம் விளையாட்டுகளும் என்டிஎஃப்எஸ்ஸில் அடிக்கடி முரண்டு பிடிக்கும்.

ஆகவே அதை லினக்ஸுக்கான எக்ஸ்ட்4 ஆக ஃபார்மேட் செய்ய வேண்டிவரும். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழியும். அதற்கு முன்பு தங்கை கல்யாண வீடியோவை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, முகூர்த்தம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்.