டுரியான் பூவை வௌவால் கெடுக்கிறதா?

கேள்வி: பகாங், ராவுப்பில் டுரியான் ரகங்களில் மூசாங் கிங் மட்டும் 3 ஏக்கர் வைத்திருக்கிறேன். பூ அள்ளிக் கொட்டுகிறது, காய் நிற்பதில்லை. இரவில் டார்ச் அடித்தால் பூவெல்லாம் வௌவால். காலையில் மரத்தடி நிறையப் பூ. வலை கட்டிப் பிடித்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து வலை கட்டாதீர்கள். நாளைக் காலையில் மரத்தடியில் கிடப்பதை ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். வெறும் இதழும் கேசரமும் (மகரந்தம் தாங்கும் இழைகள்) தான் என்றால் அது சேதமே இல்லை. டுரியான் பூ மாலை 4, 5 மணிக்கு விரியத் தொடங்கும். இரவு 7, 8 மணிவாக்கில் மகரந்தப்பை வெடிக்கும். விடிவதற்குள் இதழும் கேசரமும் தானாகக் கழன்றுவிடும். கிளையில் சூலும், காம்பு நுனியில் மஞ்சள் உருண்டையாக, மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியும் தொங்கும். காயாக வேண்டியது அதுதான். முழு மொட்டே பல்தடத்தோடு கிடந்தால் அணிலையோ குரங்கையோ தேடுங்கள்.

உங்கள் தோட்டத்துக்கு வருவது பெரும்பாலும் குகையில் அடையும் தேன் வௌவால், இயோனிக்டெரிஸ் பேரினம். நீண்ட மூஞ்சி, நுனியில் தூரிகை போன்ற நாக்கு. மற்ற பெரும்பாலான பழ வௌவால்களுக்கு இருப்பதுபோல் சுட்டுவிரலில் நகம் இருக்காது. பூவுக்குள் மூஞ்சியை விட்டுத் தேனை நக்கும்போது முகத்திலும் நெஞ்சு மயிரிலும் மகரந்தம் அப்பிக்கொள்ளும். அடுத்த மரத்தின் சூல்முடியில் அது ஒட்டும். பத்துமலைக் குகை வௌவால்கள் 30 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அலையாத்திக் காடுவரை இரை தேடிப் போவது 1970-களிலேயே தெரியவந்தது. ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டிதான். வலையில் கொன்றால் கூட்டம் எளிதில் மீளாது.

கோளாறு 'மூசாங் கிங் மட்டும்' என்பதில்தான் இருக்க வேண்டும். டுரியானில் பல ரகங்கள் தம் மகரந்தத்தைச் சரியாக ஏற்பதில்லை. ஒரே ரகத்தில் ஒட்டுக்கட்டிய மரங்கள் நூறு இருந்தாலும் மகரந்தக் கணக்கில் அவை ஒரே மரம். வௌவால் எத்தனை முறை வந்தாலும் அதே மகரந்தத்தைத்தானே பூசும்? கோணலான, சுளை குறைந்த காய்கள் வருகின்றனவா என்று பாருங்கள். அதுவும் இதே குறைதான்.

அடுத்த பூப்பில் ஒரே மரத்தில் சோதித்துவிடுங்கள். 5 பூங்கொத்துகளை மாலை 4 மணிக்குள் கொசுவலைத் துணியால் மூடுங்கள். 5 கொத்துகளுக்குக் கையால் மகரந்தம் சேருங்கள். இன்னும் 5-ஐ அப்படியே விடுங்கள். மூன்றுக்கும் வேறு வேறு நிற நாடா கட்டி, 10-ஆம் நாளும் 20-ஆம் நாளும் பிஞ்சை எண்ணுங்கள். கைபட்டதில் மட்டும் பிஞ்சு நின்றால் வேற்று மகரந்தம்தான் குறை. அதிலும் உதிர்ந்தால் நீரையும், பூக்கும்போது வரும் புதுத் தளிரையும் கவனியுங்கள். திறந்து விட்டது மூடியதைவிட நன்றாகப் பிடித்திருந்தால் வௌவால் வேலை செய்கிறது.

கையால் சேர்க்க, இரவு 8 மணிக்கு டி24 ரகம் அல்லது கம்பத்து டுரியான் பூவிலிருந்து மகரந்தத்தை மென்தூரிகையில் எடுங்கள். அது தூளாகப் பறக்காது, பிசுபிசுவென்று ஒட்டும். 10 மணிக்குள் சூல்முடியில் தடவி முடியுங்கள். பருத்த கிளைகளில் உள்ள கொத்துகள் போதும்.

நிரந்தர வழி, 8, 10 மரத்துக்கு ஒன்றில் அதே சமயம் பூக்கும் வேறு ரகத்தை ஒட்டுக்கட்டுவது. பூ விரியும் நாட்களில் மாலையில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். மலைத்தேனீயும் அந்நேரம் வரும். டுரியான் பூ ஒன்றிரண்டு வாரத்தில் முடிந்துவிடும், வௌவாலுக்கோ ஆண்டு முழுக்கத் தேன் வேண்டும். வேலியோரப் பெத்தாய், இலவம், காட்டுவாழை ஆகியவற்றை வெட்டாமல் விடுங்கள்.