ஏரி மீனின் வயிற்றில் வெள்ளைப் புழு இருந்தால் அந்த மீனைச் சாப்பிடலாமா?

ஏரியில் பிடித்த கெண்டையை அறுத்தபோது வயிற்றுக்குள் நாடா மாதிரி நீளமான வெள்ளைப் புழு கிடந்தது, சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வயிற்றுப் பகுதியை முழுவதும் எடுத்துவிட்டு, கழுவி, நன்றாக வேக வைத்தால் தாராளமாகச் சாப்பிடலாம். மீனை அறுத்துப் பார்ப்பதே என் வேலை என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

புழு குடலுக்கு வெளியே, வயிற்றறையில் கிடந்திருந்தால் அது பெரும்பாலும் லிகுலா என்ற நாடாப்புழுவின் இளம்பருவம். விக்டோரியா ஏரியிலும் எத்தியோப்பியாவின் தானா ஏரியிலும் இது உண்டு. பறவையின் எச்சத்தோடு இந்தப் புழுவின் முட்டை தண்ணீரில் விழும். பொரித்து வருவதை நுண்ணிய நீர்ப்பூச்சி தின்னும், அதை மீன் தின்னும். மீனுக்குள் புழு மாதக்கணக்கில் வளரும். வயிறு புடைத்திருப்பதைப் பார்த்துச் சினை மீன் என்று நினைத்து அறுப்போம். உள்ளே சினைப்பை வளராமல் நூலாகச் சுருங்கியிருக்கும். பாவம், அந்த மீனால் இனப்பெருக்கமே செய்ய முடியாது. நீர்க்காகமோ கொக்கோ அதைப் பிடித்து விழுங்கினால், சில நாட்களிலேயே புழு முதிர்ந்து முட்டையிடும்.

சதையில் மஞ்சள் மணி போலத் தெரிவது கிளினோஸ்டோமம் என்ற தட்டைப்புழுவின் இளம்பருவம். அதையும் வேக வைத்தால் போதும்.

நான் உண்மையில் பயப்படுவது கண்ணுக்குத் தெரியாததற்குத்தான். தாய்லாந்து, லாவோஸ் பக்கம் கெண்டை இன மீன்களின் சதையில் ஒபிஸ்தோர்கிஸ் என்ற கல்லீரல் தட்டைப்புழுவின் இளம்பருவம் ஒரு கூட்டுக்குள் அடங்கி இருக்கும். அளவு கால் மில்லிமீட்டர்கூட இல்லை. பச்சையாகத் தின்றால் நம் பித்த நாளத்தில் குடியேறிப் பல வருடம் இருக்கும்; பித்தநாளப் புற்றுநோய்வரை போகும். 1994இலேயே இதைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்துவிட்டது. தாய்லாந்தின் லாவா ஏரிக் கிராமங்களில் மாத்திரை கொடுத்ததோடு நிற்காமல், பச்சை மீன் வேண்டாம் என்று பள்ளிப் பிள்ளைகள்வரை சொல்லிக்கொடுத்தார்கள். தொற்று நன்றாகக் குறைந்தது.

எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகாய் எதுவும் இந்தக் கூட்டைக் கொல்லும் என்று நம்பாதீர்கள். பச்சையாகத்தான் வேண்டும் என்றால் மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைந்திருக்க வேண்டும். வீட்டு ஃப்ரீசர் பல நேரம் அந்தக் குளிரைத் தொடுவதில்லை, அதனால் வேக வைப்பதுதான் என் சிபாரிசு.

அப்புறம், எடுத்த குடலையும் புழுவையும் ஏரிக்கரையில் வீசாதீர்கள். கொக்கு கொத்தினால் முட்டை மறுபடி அதே தண்ணீருக்குப் போகும். ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.