அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகை ஆட்டம்) இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இருந்த நிறவெறி தென்மாநிலங்களோடு நின்றதா?

நிற்கவில்லை. சொல்லப்போனால், எனக்கு அதிகக் கோபம் வருவது வடமாநிலப் பல்கலைக்கழகங்கள் மீதுதான். தெற்கில் கறுப்பின மாணவரை வெள்ளையர் கல்லூரிக்குள்ளேயே விடமாட்டார்கள். அது ஊரறிந்த கதை. வடக்கில் அணியில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் தென்மாநில அணியோடு ஆட்டம் என்றால், எதிரணியின் மனம் கோணக் கூடாது என்று அவரை வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். இந்த வாய்மொழி ஏற்பாட்டுக்குக் 'கனவான்கள் ஒப்பந்தம்' என்று பெயர் வேறு! ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணிக்கு ஆடிய கறுப்பினத்தவர் பால் ரோப்சன் (பின்னாளில் பாடகராக உலகப்புகழ் பெற்றவரேதான்) 1916-இல் இப்படி ஓர் ஆட்டத்தில் ஆடும் வாய்ப்பை இழந்தார்.

1934-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் மோசம். தென்மாநில அணியான ஜார்ஜியா டெக், மிச்சிகனின் சொந்த ஊரான ஆன் ஆர்பருக்கு ஆட வந்தது. மிச்சிகன் அணியின் கறுப்பின ஆட்டக்காரர் வில்லிஸ் வார்டு இறங்கினால் ஆடமாட்டோம் என்றது. விருந்தாளி போட்ட நிபந்தனைக்கு வீட்டுக்காரர் பணிந்தார். ஈடாகத் தன் ஆட்டக்காரர் ஒருவரையும் ஜார்ஜியா டெக் விலக்கிக்கொண்டது, கணக்குச் சரியாகிவிட்டதாம்! மாணவர்கள் எதிர்த்தார்கள். மிச்சிகனின் விளையாட்டுத் துறை இயக்குநர் ஃபீல்டிங் யோஸ்ட் அவர்களை வேவு பார்க்கத் தனியார் துப்பறிவாளரை அமர்த்தினார். அணியில் வார்டின் நண்பராக இருந்தவர் ஜெரால்டு ஃபோர்டு, பிற்கால அமெரிக்க அதிபர். ஆட்டத்தைப் புறக்கணிக்கலாமா என்று அவர் தவித்தார். ஆடச் சொன்னவர் வார்டேதான். மிச்சிகன் 9-2 என்று வென்றது. அந்தப் பருவம் முழுவதிலும் அதற்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான்.

வார்டு சாதாரண ஆளல்லர். 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸில் நான்கு தங்கம் வென்ற ஜெஸ்ஸி ஓவன்ஸையே 1935-இல் ஓட்டத்தில் முந்தியவர். ஆனால் ஜார்ஜியா டெக் ஆட்டம் நடந்த அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு போட்டியிடும் வேகமே தனக்குள் வற்றிவிட்டதாகப் பின்னாளில் சொன்னார். பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு அவர் போகவில்லை. சட்டம் படித்து நீதிபதியானார்.

எதிர்ப்புக் காட்டிய மாணவர்களின் கதி என்ன என்று கேட்டால், நியூயார்க் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1940-இல் மிசௌரிப் பல்கலைக்கழகத்தோடு மோதப் போன அதன் அணியிலிருந்து கறுப்பின ஆட்டக்காரர் லெனர்டு பேட்ஸ் விலக்கப்பட்டார். "பேட்ஸ் ஆடியே தீர வேண்டும்" என்று மாணவர்கள் திரண்டார்கள். நிர்வாகம் அசையவில்லை. இந்தப் பாகுபாட்டை எதிர்த்து அனுமதியின்றிக் கையெழுத்துத் திரட்டியதற்காக 1941-இல் ஏழு மாணவர்களை இடைநீக்கம் செய்தது. அந்த எழுவரையும் அதே பல்கலைக்கழகம் 2001-இல் விருந்து வைத்துக் கௌரவித்தது.